அனுமதி வருவதற்குள் ஒரு வரைபடம் போடுங்கள்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள்ளும் வால்பாறை எஸ்டேட்டுகளிலுமாக ஆறு ஓடைகளில் தவளைகளைப் படிப்பது என் திட்டம். விண்ணப்பம் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது, பதில் இல்லை. நேரில் போனபோது அதே ஓடைகளில் ஏற்கெனவே இரண்டு குழுக்கள் வேலை செய்வதாக ரேஞ்சர் சொன்னார். அவர்கள் யார் என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கூட வந்த காவலர் அண்ணன், "உங்களை மாதிரி நிறைய பேர் வந்தாங்க, எழுதிக்கிட்டுப் போனாங்க, அப்புறம் ஆளையே காணோம்" என்றார். என் நெறியாளரோ, "டூரிஸ்ட் டிக்கெட்டில் போய் வேலையை ஆரம்பி, அனுமதி பின்னால் வரும்" என்கிறார். ஜூன் மழையை விட்டால் ஒரு வருடம் போய்விடும். என்ன செய்யட்டும்?

பதில்:

முதலில் அந்த டிக்கெட் விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். சரணாலயத்துக்குள் எந்த நோக்கத்துக்காகப் போகிறீர்களோ, அந்த நோக்கத்துக்குத்தான் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு அனுமதி தருகிறது. சுற்றுலா ஒரு நோக்கம், ஆய்வு வேறொரு நோக்கம். பார்க்க வந்தவர் தவளையைப் பிடித்து அளவெடுத்தால் அது சட்டத்தின் கண்ணில் ஆய்வே இல்லை. 'வேட்டை' என்ற சொல்லுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் விளக்கத்தில் பிடிப்பதும் அடங்கும். இன்னொன்று, நல்ல ஆய்விதழ்கள் இப்போது அனுமதி எண்ணைக் கேட்கின்றன. முதல் மழையில் நீங்கள் சேகரிக்கும் தரவுக்கு எண் இருக்காது. நெறியாளரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம். ஆய்விதழைக் காரணம் காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இனி அந்த ஏழு மாதம். நான் சில வருடங்கள் ஒரு காப்பகத்தில் உயிரியலாளராக இருந்தேன். ஆய்வு விண்ணப்பங்கள் மேலிருந்து கீழே வரும்போது என் மேசையைத் தாண்டித்தான் போகும். நீங்கள் சென்னையில் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதுகிறீர்கள். அவர் காப்பகத்தின் கள இயக்குநரிடம் கருத்துக் கேட்கிறார், கள இயக்குநர் துணை இயக்குநரிடம், துணை இயக்குநர் வனச்சரகத்தில். ஆக, உங்களுக்கு விடை சொல்ல வேண்டியவர் கடைசியில் ரேஞ்சர்தான். அவர் கையில் நாற்பது பக்க ஆங்கிலக் கட்டுரை இருக்கிறது. முதல் எட்டுப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை எவ்வளவு முக்கியமானது என்று விளக்குகிறது. இருபது வருடமாக அந்த மலையிலேயே இருப்பவருக்கு இது!

அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. எந்த பீட், அதாவது எந்தக் காவலரின் எல்லை? எத்தனை நாள்? இரவா பகலா? எத்தனை பேர்? வண்டி உண்டா? கூட யார் வரணும்? எதைத் தொடுவீர்கள், எதை எடுத்துப் போவீர்கள், எதை விட்டுவிட்டுப் போவீர்கள்? இவையெல்லாம் அந்த நாற்பது பக்கத்தில் எங்கோ சிதறிக் கிடக்கும், இல்லையென்றால் இருக்கவே இருக்காது. அப்படிப்பட்ட கோப்பை யாரும் நிராகரிப்பதில்லை. நிராகரிக்கவும் ஒரு காரணம் எழுத வேண்டுமே. அது அடியில் போய்விடும், அவ்வளவுதான்.

அதனால் தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். ஓடைக்கு ஜிபிஎஸ் எண்ணோடு காவலர்கள் சொல்லும் பெயரையும் போடுங்கள். நீங்கள் 'ஓடை 3' என்று எழுதியிருப்பதற்கு அங்கே ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயருக்கு ஒரு கதையும் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்ததுமே ரேஞ்சருக்கு இடம் கண்ணில் வந்துவிடும். இங்கே யானை வழி இருக்கிறது, இரவில் போக முடியாது, இன்னும் கீழே போனால் வண்டி நிற்கும் என்று அவரே திருத்துவார். அவர் திருத்திய திட்டம் அடியில் கிடக்காது.

ஒரு நுணுக்கம் பாக்கி இருக்கிறது. தவளையைக் கேட்டு, பார்த்து எண்ணுவதற்கு ஓர் அனுமதி. பிடித்துத் தோலில் பஞ்சுக்குச்சி தடவி மாதிரி எடுப்பதற்கு 12-வது பிரிவின் கீழ் இன்னோர் அனுமதி. சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில், உள்ள உயிரினம் என்றால் மத்திய அரசின் முன்அனுமதியும் வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகிவிட்டன. பழைய நூல்களை நம்பாமல், உங்கள் இனங்கள் இப்போது எதில் வருகின்றன என்று புதிய பட்டியலில் தேடுங்கள். மாதிரி எடுக்கும் பகுதியால்தான் கோப்பு தாமதம் என்று தெரிந்தால், இந்த வருடத்துக்கு அதை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒலிப்பதிவும் எண்ணிக்கையும் மட்டும் என்று திருத்தி அனுப்பலாம். கை படாத வேலைக்குச் சீக்கிரம் அனுமதி கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அனுமதி இல்லை, அந்த இரண்டு குழுக்கள்.

ஒரே ஓடையில் மூன்று குழு இருப்பது தவறில்லை. மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதுதான் வம்பு. ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் காப்பகத்தில் ஒரு குழு சிறு ஊனுண்ணிகளைப் பற்றிய ஆய்வுக்காகத் தானியங்கி கேமரா வைத்திருந்தது. இயல்பான நடமாட்டம் தெரிய வேண்டும் என்பதால் இரை, வாசனை எதுவும் வைக்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு கேமராவில் மட்டும் புனுகுப்பூனைகள் வரிசை கட்டின. மாணவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயமே எழுதத் தயாராகிவிட்டார். கடைசியில் பார்த்தால், முந்நூறு மீட்டர் தள்ளி வேறொரு பல்கலைக்கழகத்துக் குழு கருவாட்டு எண்ணெயில் தோய்த்த துணியைக் கட்டி வைத்திருக்கிறது. இரண்டு குழுவுக்கும் அனுமதி கொடுத்தது ஒரே அலுவலகம். இரண்டு கோப்பும் என் அலமாரியில் அடுத்தடுத்து இருந்தன. நான் இரண்டையும் ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் சுவரில் ஒரு பெரிய வரைபடம் மாட்டி, எந்தக் குழு வந்தாலும் குண்டூசி குத்தச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கினேன்.

தவளை விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. கைட்ரிட் என்ற பூஞ்சை தவளைகளின் தோலைத் தாக்குகிறது. உலகம் முழுவதும் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் அதனால் குறைந்திருப்பதாக 2019-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தப் பூஞ்சை ஈரமான பூட்ஸிலும் வலையிலும் ஓடை விட்டு ஓடை போகும். நீங்கள் ஒழுங்காகப் பூட்ஸைக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் நனைத்து, வெயிலில் காயவைத்து அடுத்த ஓடைக்குப் போவீர்கள். மறுநாளே இன்னொரு குழு ஈர வலையோடு அதே இரண்டு ஓடைகளிலும் இறங்கினால் உங்கள் சுத்தத்துக்கு என்ன அர்த்தம்? எந்த ஓடையில் முதலில், எதில் கடைசியில் என்ற வரிசையை மூன்று குழுவும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி? கள இயக்குநர் அலுவலகத்தில் நடப்பிலுள்ள அனுமதிகளின் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கிடைத்தால் நல்லது. கிடைக்கும்வரை, வேட்டைத் தடுப்பு முகாமில் வருகைப் பதிவேடு என்று ஒரு நீள நோட்டு இருக்கும். ஓரம் கரையான் தின்று, மழையில் மை பரவியிருந்தாலும், யார் வந்தார்கள், என்ன தேதி, எந்தப் பக்கம் போனார்கள் என்பது அதில் இருக்கும். ஓடையும் சொல்லும். நான் ஒருமுறை ஓடைக்கரையில் ஒரு நாங்கு மரத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போன இளஞ்சிவப்பு ரிப்பன் ஒன்று, நீல ரிப்பன் ஒன்று, பட்டைக்குள் பாதி புதைந்த அலுமினியத் தகடு ஒன்று. தகட்டில் 417 என்று எண். அந்த 417 யாருடையது, என்ன அளந்தார்கள், அளவு எங்கே போனது என்று கடைசிவரை தெரியவில்லை. மரம் மட்டும் தகட்டை விழுங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம் 1988-இல் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தது. பனாமாவில் பர்ரோ கொலராடோ தீவில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தொடங்கிய அதே முறை, அதே பரப்பளவு. ஒவ்வோர் ஆண்டும் எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்று போய்ப் பார்க்கிறார்கள். நான்கு ஆண்டுக்கொரு முறை தடிமனை அளக்கிறார்கள். யானை முறித்தது, தீயில் கருகியது, உண்ணிச்செடி மூடியது எல்லாம் அந்த எண்களோடு சேர்ந்தே பதிவாகின்றன. உலகத்தில் இதே முறையில் அளக்கும் மற்ற காடுகளோடு அதை ஒப்பிட முடிகிறது. பின்னால் வரும் மாணவர், தனியாகப் பத்துச் சதுரம் போட்டு ஆணி அடிக்காமல், இருக்கிற எண்ணின் மேல் தன் கேள்வியை வைக்கலாம். ஒருங்கிணைப்பு என்றால் கூட்டம் போட்டுத் தேநீர் குடிப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது ஒரே எண், ஒரே முறை, ஒரே நோட்டு.

உங்கள் மூன்று குழுவுக்கும் 50 ஹெக்டேர் தேவையில்லை. ஓடையில் வெப்பமானிக் கருவி ஒன்றே ஒன்று, தரவு மூவருக்கும். நூறு மீட்டருக்கு ஓர் அடையாளம், எல்லோருக்கும் அதே தொடக்கப்புள்ளி. மழைமானி வாங்கவே வேண்டாம். வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டுகளில் தினசரி மழையளவு எழுதும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. மேனேஜர் அலுவலகத்தில் போய்ப் பணிவாகக் கேளுங்கள். எஸ்டேட் நிலம் என்று சொன்னதால் நினைவுபடுத்துகிறேன், அங்கே உள்ளே போக நிர்வாகத்தின் சம்மதம் போதும். ஆனால் அட்டவணையில் உள்ள உயிரினத்தைப் பிடிக்க எங்கே இருந்தாலும் சட்ட அனுமதி வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் என்பதால் தவளை அட்டவணையிலிருந்து விழுந்துவிடாது. பரம்பிக்குளம் பக்கம் ஓர் ஓடை எடுத்திருந்தால் அது கேரள வனத்துறை, அதற்குத் தனி விண்ணப்பம். அணையைத் தமிழ்நாடு பார்த்துக்கொள்கிறது என்பதை நம்பி அங்கே போய் நிற்காதீர்கள்.

இனி காவலர்களின் நாள். அனுமதி, பணம் எல்லாவற்றையும்விடக் காட்டில் தட்டுப்பாடு இதற்குத்தான். ஒரு முகாமில் நாலைந்து பேர். நீங்கள் இரவு எட்டு மணிக்கு ஓடையில் இறங்கினால் இரண்டு பேர் கூட வர வேண்டும். திரும்ப நள்ளிரவு ஆகிவிடும். மறுநாள் காலை ரோந்துக்கு அந்த இரண்டு பேரும் இல்லை. மற்ற இரண்டு குழுக்களும் அதே முகாமைக் கேட்டால் அந்த வாரம் ரோந்தே இல்லை. ரேஞ்சர் அந்த இரண்டு குழுக்களைப் பற்றி உங்களிடம் சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்கும். மூன்று குழுவும் ஒரே இரவில் ஒரே ஓடையில் சேர்ந்து வேலை செய்தால் முகாமுக்கு ஆறு இரவு இரண்டாகக் குறையும். இதை நீங்களே கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அவர்களுடைய வருடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கோடை முழுக்கத் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் தீயணைப்பதும். புலிக் கணக்கெடுப்புக் கேமராக்கள் வேறு. புலியின் ஒரு பக்கத்துக் கோடும் மறு பக்கத்துக் கோடும் வேறு வேறாக இருப்பதால் பாதையின் இருபுறமும் சோடியாக வைக்க வேண்டும். 2018 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் வைத்தார்கள். கேமரா தானாக நடந்து போய் மரத்தில் ஏறிக்கொள்ளாது. மே மாதம் யானைக் கணக்கெடுப்பு, பருவமழைக்கு முந்தைய கணக்கெடுப்பு. மழை முடிந்ததும் பிந்தையது. உங்கள் நல்ல நேரம், தவளை கத்துகிற ஜூன், ஜூலையில் இந்த நெரிசல் கொஞ்சம் குறைவு. மழைக்கால ரோந்து மட்டும் இருக்கும். தேதிகளை ஏப்ரலுக்குள் பேசி வைத்தால் போதும்.

"அப்புறம் ஆளையே காணோம்" என்று சொன்ன அண்ணனைப் பற்றி. அவர் குறை சொல்வது நியாயம். என் அலமாரியில் அனுமதிக் கோப்புகள் ஒரு தட்டு முழுக்க இருந்தன. முடித்துவிட்டு அறிக்கை கொடுத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அனுமதி வாங்கியவர் ஆண்டுதோறும் என்ன செய்தேன், என்ன கண்டேன் என்று சுருக்க அறிக்கை கொடுத்தாக வேண்டும், அது எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். நம் ஊரிலும் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளில் அறிக்கை கொடுக்க வேண்டும் என்ற வரி இருக்கும். படிப்பவர் குறைவு.

வால்பாறையிலேயே உங்களுக்கு நல்ல உதாரணம் இருக்கிறது. யானைகள் எங்கே நிற்கின்றன என்பதைக் குறுஞ்செய்தியிலும் உள்ளூர் கேபிள் டிவியிலும் சொல்லி, வழியில் சிவப்பு விளக்கு எரியவிடும் ஏற்பாடு அங்கே நடந்த யானை ஆய்விலிருந்து வந்ததுதான். வேலை முடிந்து வீடு திரும்பும் எஸ்டேட் தொழிலாளிக்கு அந்த ஆய்வு என்னவென்று விளக்கத் தேவையில்லை, விளக்கைப் பார்த்தால் போதும். தவளையில் அப்படி ஒன்று வராது, வரவும் வேண்டாம். முகாம் சுவரில் ஒட்ட, நீங்கள் எடுத்த படங்களோடு, அவர்கள் சொல்லும் பெயரோடு, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை கொடுங்கள். காப்பகத்துக்குப் புலிகள் பாதுகாப்புத் திட்டம் என்று ஓர் ஆவணம் உண்டு. அதில் தவளைப் பக்கம் பெரும்பாலும் மெலிந்துதான் இருக்கும். உங்கள் பட்டியலையும் இடங்களையும் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கூட வருகிறவர் இந்த மலையின் பழங்குடியினரான காடரோ மலசரோ முதுவரோ என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1987-இல் அகத்தியமலைப் பக்கம் போன அறிவியலாளர்கள் தளர்ந்து உட்கார்ந்தபோது, வழிகாட்டிகளான காணிக்காரப் பழங்குடியினர் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு தெம்பாக நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் பாலோடு தாவரவியல் ஆய்வு நிலையம் அதிலிருந்து ஒரு மருந்தை உருவாக்கி 1995-இல் உரிமம் கொடுத்தது. வருவாயில் பங்கு காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அதற்கென்று ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. அதிலும் சர்ச்சைகள் இருந்தன, எல்லாக் காணிகளிடமும் கேட்டார்களா என்ற கேள்வி உட்பட. ஆனாலும் பங்கு என்ற எண்ணம் அங்கே நடைமுறைக்கு வந்தது. உங்கள் வேலையில் பணம் இல்லை, பெயர் இருக்கிறது. எந்தச் சத்தம் எந்தத் தவளை என்று இருட்டில் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பவரின் பெயர், அவர் சம்மதித்தால், ஆய்வுக் கட்டுரையில் வர வேண்டும். நன்றியுரையின் கடைசி வரியில் 'கள உதவியாளர்கள்' என்று போடுவது போதாது. மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் யோசனை இருந்தால் அதற்கு முன்பே சென்னைத் தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தை அணுகுங்கள்.

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை, கோழிக்கோடு மையங்களில் அனுமதி பெற்றுப் பழைய மாதிரிகளைப் பாருங்கள். எஸ்டேட்டுகளின் மழை நோட்டுகளை நகலெடுங்கள். கல்லூரிக் குட்டையிலேயே ஒலிப்பதிவுக் கருவியை ஒரு மாதம் ஓட்டிப் பழகுங்கள். மழையில் கருவியின் மைக் எப்படிக் கெட்டுப்போகும் என்பதைக் காட்டுக்கு வெளியே தெரிந்துகொள்வது மலிவு.

அடுத்த வாரமே ரேஞ்சரைப் பார்க்கப் போங்கள். ஆறு ஓடையும், தெரிந்த அளவுக்கு மற்ற இரண்டு குழுவின் இடங்களும், முகாம்களும் போட்ட வரைபடத்தைப் பெரிய ஏ3 தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போங்கள். போனில் காட்டாதீர்கள். அவர் பேனாவால் அதில் கிறுக்க வேண்டும்.